ஒரே திசை பார்த்த இரண்டு நாற்காலிகள்

ஒரு குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்யும் குழு கூடுகிற இடம் நீதிமன்றம் போலத் தோற்றமளிக்கக் கூடாது. வருகிறவர்களை மிரட்டும்படி இருக்கக் கூடாது. இது விதி. எண்ணைச் சொல்லவில்லை. எண்ணைச் சொன்னால் எல்லோரும் எண்ணைத்தான் பார்ப்பார்கள், விதியைப் பார்க்க மாட்டார்கள் என்பது வருவாய்த் துறையில் என் பணிக்காலம் முழுதும் கண்டது. நான் சொல்லப்போகும் குழு கூடிய அறையில் உயரமான மேசை ஒன்று இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மெத்தை வைத்த நாற்காலிகள், இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். கதவில் தானே சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங். விதிப்படி பார்த்தால் அது நீதிமன்றம் இல்லைதான். நீதிமன்றக் கூண்டில் நிற்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கட்டையாவது உண்டு.

அந்த ஸ்டூலில் உட்கார வைக்கப்பட்டவள் எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் பெண். மரக்காணத்து உப்பளத்தில் கூலி வேலை. அவளும் அவள் தங்கையும் ஒரே அளத்தில்தான் வேலை பார்த்தார்கள். ஒருநாள் காலை பெண்களை ஏற்றிக்கொண்டு அளத்துக்குப் போன லோடு வண்டி, பாதையோரம் இருந்த கால்வாயில் கவிழ்ந்தது. வண்டியின் பின்கதவு சிக்கிக்கொண்டது. உள்ளே அக்காவின் பக்கத்திலேயே தங்கை இறந்துபோனாள். தங்கைக்கு ஒரு மகள், ஒன்றாம் வகுப்பு. அந்தச் சிறுமியின் அப்பன் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன், போனவனாகவே இருந்துவிட்டான். பெற்றவர் இருவரும் இல்லாத குழந்தையை, குழு உத்தரவு போடும்வரை, திண்டிவனத்துக்கு அப்பால் ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். பெரியம்மாவிடம் ஒப்படைக்கலாம் என்று குழு ஒரு வரி எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை.

குழு கேட்ட முதல் கேள்வி, "அன்னைக்கு என்ன நடந்தது, முதல்லேர்ந்து சொல்லுங்க." அவள் கதவைப் பார்த்தாள். கதவு தானே போய்ச் சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கேள்வியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில், "கேள்விகளுக்குப் பதிலளிக்கும் நிலையில் இல்லை, குழந்தையைப் பராமரிக்கும் மனநிலை உள்ளவரா என்று சான்று பெற்று வரவும்" என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

தாளை எடுத்துக்கொண்டு அவள் கணவன் என் வீட்டுக்கு வந்தான். அவனும் அளத்துக்காரன்தான்; உச்சி வெயிலில்கூடத் தலையில் துண்டு கட்டாமல் திரிகிற ஆள்.

"சார், என் பொண்டாட்டி வாயத் தொறந்தா மூட மாட்டா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சாமிகிட்ட நான் கேட்டதெல்லாம், இவ கொஞ்ச நேரம் சும்மா இருக்கணும்னுதான். இப்ப பாருங்க, போயும் போயும் அந்த ரூம்ல வெச்சா என் வேண்டுதல நெறவேத்தணும்?"

"உட்காருப்பா. குழந்தையை எப்போ பார்த்தீங்க?"

"வாரா வாரம் போறோம் சார். இவளுக்கு பஸ்ஸுல டிரைவர் பக்கத்து சீட்டு வேணும், கதவு கண்ணுல படணும். இல்லாட்டி எறங்கிடுவா. போன வாரம் கிளம்புறப்ப பாப்பா இவ முந்தானைய விடவே இல்ல. அங்க இருக்கற அம்மாதான் பிரிச்சி விட்டாங்க. வழி பூரா இவ பேசல. அதுலேர்ந்து வீட்டுலயும் பேச்சு கம்மியா ஆயிடுச்சு."

அன்றே நான் ஒரு மனு எழுதினேன், என் பெயரிலேயே. மேலே சொன்ன விதி, அதன் உட்பிரிவு, அதை ஒட்டிய அரசாணைகள், பார்வை ஒன்று, பார்வை இரண்டு, விபத்தின் முழு விவரம், நகல் யார் யாருக்கு என்பது வரை. ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். நெடுநாள் கழித்து ஒரு கோப்பைத் தொட்டது போல எனக்கே கொஞ்சம் திருப்தி. ஒப்புகை அட்டை ஒழுங்காகத் திரும்பி வந்தது. அதற்குமேல் எதுவும் வரவில்லை.

இதற்கிடையில் சான்று வாங்க வேண்டுமே. அரசு மருத்துவமனைக்கு வாரத்தில் சில நாட்கள் ஓர் உளவியலாளர் வருவார். ஊழியர்கள் அவரை 'கவுன்சிலிங் மேடம்' என்பார்கள். கடைத்தெருவில் மளிகை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். முப்பதை ஒட்டிய வயது. அத்தா, அதாவது அப்பா, பல வருடம் வளைகுடாவில் இருந்து திரும்பியவர். இவர் சென்னையில் படித்து, அங்கேயே ஒரு தனியார் மருத்துவமனையிலும், பிறகு ஆரோவில் பக்கத்துப் பள்ளி ஒன்றிலும் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டார். தாளை ஒப்படைக்க வேண்டும் என்ற சாக்கில் நானும் புருஷன் பெண்சாதியுடன் போனேன்.

அவருக்குக் கொடுத்திருந்த அறை முன்பு மருந்துப் பெட்டிகள் அடுக்கிய இடம். மேசையைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டிருந்தார். இரண்டு நாற்காலிகள், எதிரெதிராக அல்ல, பக்கத்தில் பக்கத்தில், இரண்டும் ஜன்னலைப் பார்த்தபடி. சினிமாக் கொட்டகை போல என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒரு பூவரச மரமும் மருத்துவமனை ஜெனரேட்டரும் இருந்தன.

"அக்கா, எந்த நாற்காலி வேணும் உங்களுக்கு?"

அவள் கதவுக்குப் பக்கத்தில் இருந்ததைத் தொட்டாள்.

"கதவு திறந்திருக்கட்டுமா, சாத்தட்டுமா?"

தலையைத் திருப்பிக் கதவைக் காட்டினாள். திறந்தே இருந்தது, அப்படியே விட்டார்.

"இவங்க ரெண்டு பேரும் உள்ள இருக்கட்டுமா?"

அவள் கணவனைப் பார்த்தாள், இருக்கலாம் என்பது போல. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மற்றவர்களை அறைக்கு வெளியே காத்திருக்கச் சொல்லியே முப்பது ஆண்டுகளுக்கு மேல் சம்பளம் வாங்கியவன் நான். வராந்தாவுக்குப் போனேன்.

கதவு திறந்திருந்ததால் ஆரம்பம் காதில் விழுந்தது. "அக்கா, என்ன நடக்கப்போவுதுன்னு முதல்லயே சொல்லிடறேன். சுவத்துக் கடிகாரத்துல பெரிய முள்ளு கீழ வர்ற வரைக்கும் உக்காந்திருப்போம். அன்னைக்கு நடந்தத நீங்க எங்கிட்ட சொல்லணும்னு இல்ல. சொல்லாமலே நாம வேலை பாக்கலாம். நடுவுல போதும்னா கைய தூக்குங்க, நிறுத்திடலாம். எதுக்குன்னு கேக்க மாட்டேன்."

பிறகு நான் தள்ளிப்போய் நின்றுகொண்டேன். காதில் விழுகிற எல்லாவற்றையும் கேட்க நமக்கு அதிகாரம் கிடையாது.

கணவன் வெளியே வந்தபோது முகத்தில் ஏமாற்றம். "என்னா சார் இது. வண்டியப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. எந்த வாசனை புடிக்கும், கால் தரையில நல்லா படுதா, எந்நேரத்துல மூச்சு முட்டுது, இதான் கேட்டாங்க. நம்ம மாரியாத்தா கோயில் பூசாரியே இதவிட அதிகமா கேப்பாரு."

"அவ ஏதாவது பேசினாளா?"

"டீத்தூள் வாசனைன்னு சொன்னா. அது ஒன்னுதான்." கொஞ்சம் யோசித்தான். "அது எனக்கே தெரியாது சார்."

சில வாரங்கள் இப்படியே போயின. எனக்குப் பொறுமை குறைவு. சான்றிதழ் என்பது பொருந்தும், பொருந்தாது என்று இரண்டே கட்டம் போட்ட ஒரு தாள். 'பொருந்தும்' என்பதில் குறி போட்டுக் கொடுத்தால் விஷயம் முடிந்தது. ஒருநாள் மருத்துவமனை வாசல் டீக்கடையில் உளவியலாளரைப் பிடித்தேன். அவளுடைய விஷயம் எதையும் கேட்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

"நடந்ததை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிட்டா பாரம் இறங்கிடாதா மேடம்? எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க."

"சில பேருக்கு இறங்கும் சார். அவங்களா சொல்றப்ப. யாரோ சொல்லச் சொல்றப்ப இல்ல." டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப சுனாமி வந்துச்சு. எங்க கடை அப்ப குப்பத்துக்குப் பக்கத்துல. எல்லாம் போச்சு. முகாம்ல இருந்தோம். அங்க புள்ளைங்களுக்கு மனசு சரியாகணும்னு ஒரு குழு வந்தாங்க, கலர் பென்சில் குடுத்து, நீ பாத்தத வரைன்னாங்க. அலை வரைஞ்சேன். தட்டிக்குடுத்து பிஸ்கட் குடுத்தாங்க. மறுநாள் வேற குழு. திரும்ப அலை. அப்புறம் இன்னொரு குழு. சார், கடைசில நான் அலை வரையறதுல கெட்டிக்காரி ஆயிட்டேன். நுரை எல்லாம் நல்லா வரும். ஆனா கடல் சத்தம் கேட்டா வாந்தி எடுப்பேன்."

"அவங்க கெடுதல் நினைச்சு செய்யலையே."

"இல்லவே இல்ல. ரொம்ப நல்லவங்க. அதான் கஷ்டமே. நல்லவங்க கேக்கறப்ப மாட்டேன்னு சொல்ல முடியாதில்ல?" சிரித்தார். "ஒரே ஒருத்தங்க மட்டும் எதையும் வரையச் சொல்லல. எங்க கடைல நனைஞ்சு போன பருப்பை அம்மா தார்ப்பாய்ல காய வெச்சிட்டிருந்தாங்க. இவங்க பேசாம எம்பக்கத்துல உக்காந்து கல்லு பொறுக்க ஆரம்பிச்சாங்க. ரெண்டு பேரும் பருப்பைத்தான் பாத்துட்டிருந்தோம். கேக்காமலே எல்லாத்தையும் அவங்ககிட்ட சொன்னேன். அவங்க பேரு கூட எனக்குத் தெரியாது."

நாற்காலிகள் ஏன் ஜன்னலைப் பார்த்திருக்கின்றன என்று அதற்குமேல் நான் கேட்கவில்லை.

"வீட்ல அம்மாக்கு என் கல்யாணக் கவலைதான் ஒரே ஃபிக்ர் சார்," என்றார் எழுந்துகொண்டே. "பைத்தியக்கார டாக்டர்னு கேள்விப்பட்டு ஒரு மாப்பிள்ளை வீடு ஓடிட்டாங்க. நான் டாக்டரே இல்லன்னு சொல்லி அனுப்பினேன், இன்னும் வேகமா ஓடிட்டாங்க."

என் மனுவுக்குப் பதில் வராததால் இரண்டாவதாக ஒன்றை, இம்முறை அவள் பெயரிலேயே, தயார் செய்தேன். இன்னும் கச்சிதம். விபத்து நடந்த விதம் வரிசைக்கிரமமாக, எந்த வரியிலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல். அவளுக்குக் கையெழுத்துப் போட வரும், படிக்க வராது. படிக்கத் தெரியாதவரிடம் கையெழுத்து வாங்குமுன் முழுவதையும் படித்துக் காட்டி, புரிந்துகொண்டார் என்று குறிப்பு எழுத வேண்டும். ஏழைகளை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதற்காக வந்த நல்ல நடைமுறை. பணிக்காலத்தில் ஒருமுறைகூட அதை நான் மீறியதில்லை. உளவியலாளரின் அறையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று போனோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"மேற்படி நாளன்று காலை, நானும் என் தங்கையும் மேற்படி வாகனத்தின் பின்பகுதியில்..."

அவள் கை மேலே போனது. நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். எனக்கு அந்தக் கை பழக்கமில்லை. உளவியலாளர் என் தாளின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார்.

"சார், நிறுத்திட்டோம்."

அவள் ஜன்னலையே பார்த்திருந்தாள். உளவியலாளர் அவளிடம் மெதுவாக, காலைத் தரையில் அழுத்தச் சொல்லி, வெளியே மரத்தில் என்னென்ன தெரிகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இலை. காக்கா. கயிறு. ஜெனரேட்டர் மேல ஒரு பூனை.

பிறகு வராந்தாவில் நாங்கள் இருவரும் பேசினோம்.

"படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கினால் அது செல்லாது மேடம். அது அவளுக்குப் பாதுகாப்பு."

"சரி சார். அப்ப அவங்களால உக்காந்து கேக்க முடியாத எதுவும் மனுவில இருக்கக் கூடாது. அவ்வளவுதானே?"

விபத்து இல்லாமல் விபத்து மனுவா என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் விபத்தைப் பற்றிப் போலீஸ் ஆவணங்கள் ஏற்கெனவே குழுவின் கோப்பில் இருந்தன. ஒருமுறை பதிவான ஒன்றை மறுபடி அவள் வாயால் கேட்பதற்கு எந்த விதியிலும் அவசியம் இல்லை. அவர்கள் முடிவு செய்ய வேண்டியது வண்டியைப் பற்றி அல்ல, குழந்தையைப் பற்றி. இத்தனை வருடம் கோப்பு பார்த்தவனுக்கு இது முதல் நாளே தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

"உங்கள் சான்றிதழ்?"

"ரெண்டு கட்டத்துலயும் டிக் போடல சார். கீழ எழுதிட்டேன். திறந்த இடத்துல, பக்கத்துல நின்னு கேட்டா இவங்க பதில் சொல்றாங்க. மூடின ரூம்ல எதிர்ல உக்காந்து கேட்டா சொல்ல முடியல. இது எனக்கே தெரிஞ்சது. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதினேன்."

கட்டத்தைத் தாண்டி எழுதப்பட்ட சான்றிதழ்களை நான் பதவியில் இருந்தபோது திருப்பி அனுப்பியிருப்பேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

புது மனு அரைப்பக்கம். குழு உறுப்பினர் ஒருவர் வேலையிடத்துக்கு வந்து பார்க்க வேண்டும். விபத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம், கோப்பில் இருக்கிறது. குழந்தையைப் பற்றி எது வேண்டுமானாலும் கேட்கலாம். உளவியலாளர் உடன் இருப்பார். படித்துக் காட்டியபோது அவள் ஓரிடத்தில் மட்டும் குறுக்கிட்டாள்.

"பாப்பா பேரு போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்மா."

"இனிஷியல் என் தங்கச்சியோடது. அதயும் போட்டுடுங்க."

அதைச் சேர்த்தேன். கையெழுத்துப் போட்டாள். விதிகள் எதையும் எடுத்தெழுதவில்லை. விதி எழுதப்படாத மனு சட்டப் பிரிவுக்குப் போகாது. நேராக உரியவர் மேசைக்குப் போகும். இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும்போது மறந்துவிடுகிறது.

ஆனி மாதத்து வெயிலில் ஒரு காலை, குழு உறுப்பினர்களில் ஒருவரான நடுவயதுப் பெண்மணி அளத்துக்கு வந்தார், குடை பிடித்துக்கொண்டு. நானும் உளவியலாளரும் வரப்பில் நின்றோம். உப்பு வாருகிற நாள். பாத்திகளில் ஆட்கள் வரிசையாக, நீளக் கம்பு வைத்த பலகையால் உப்பை இழுத்து ஓரம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தபடி, சூரியனுக்கு முதுகைக் காட்டி. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"இங்க யாரும் யார் மூஞ்சியயும் பாத்துப் பேச மாட்டாங்க மேடம்," என்று கணவன் உறுப்பினரிடம் விளக்கினான். "உப்பு மேல வெயிலு பட்டா கண்ணு கூசும். அதான் எங்க வீட்டுல இத்தினி வருசமா பெரிய சண்டையே இல்ல."

"நீ நவுருப்பா," என்றாள் மனைவி, தலையைத் தூக்காமல். அவள் அவனைத் திட்டி நான் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

உறுப்பினர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியோரம் அவள் பக்கத்தில் போய் நின்றார். குறிப்பெடுக்கும் தாளை முதலில் கையில் வைத்திருந்தார். குடையும் தாளும் ஒன்றாகப் பிடிக்க முடியாமல் தாளை என்னிடம் கொடுத்துவிட்டார். உளவியலாளர் முன்பே அவரிடம் ஒரு கேள்வியைச் சொல்லி வைத்திருந்தார். அதை அவர் கேட்டார், உப்பைப் பார்த்தபடி.

"குழந்தைக்குப் பயம் வந்தா நீங்க என்னா பண்ணுவீங்க?"

பலகை நின்றது. மறுபடி இழுபட்டது.

"பயம்னு சொல்ல மாட்டா. வயிறு வலிக்குதும்பா. வலிக்கல, எனக்குத் தெரியும். எங்க வலிக்குதுன்னு காட்டுடின்னு சொல்லுவேன். ஒவ்வொரு எடமா காட்டுவா. காட்டிக்கிட்டே இருக்கறப்ப சிரிச்சிடுவா. அப்புறம் வெல்லம் போட்டு வரக்காப்பி. பாலு ஊத்துனா குடிக்க மாட்டா, அவ அம்மா மாதிரி. தூங்கறப்ப என் கைய தலைக்கு வெச்சிக்கணும். மரத்துப் போயிடும், எடுக்க மாட்டேன். இல்லத்துல ரெட்டை ஜடை இறுக்கிப் போடறாங்க, அவளுக்குக் காதுக்குப் பின்னால ஒரு கொப்பளம் வந்த தழும்பு இருக்குது, அது இழுக்கும். அவங்களுக்குத் தெரியாதில்ல. நான் சொன்னேன், மறந்துட்டாங்க. மீன் குழம்புன்னா..."

அவள் நிறுத்தவே இல்லை. உறுப்பினர் இடையில் கேட்டது ஒன்றோ இரண்டோதான். ஒருகட்டத்தில் குடையை மடக்கிவிட்டு, வெயிலில் வெறுந்தலையாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கணவன் என் காதருகே வந்து, "சார், வேண்டுதல வாபஸ் வாங்கிட்டேன்" என்றான். உளவியலாளர் ஒருமுறை மட்டும் வேறு பக்கம் திரும்பி முக்காட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், உப்புக் காற்று என்று.

ஆடி பிறந்த சில நாட்களில் குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. உத்தரவைப் படித்துக் காட்டச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்கள். படித்துக் காட்டுவதற்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். இன்னும் அவள் அளத்துக்கு நடந்துதான் போகிறாள். மூடின வண்டி அவளைக் கடந்து போனால் பாதையை விட்டு இறங்கி நிற்கிறாள். மருத்துவமனையில் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்காருவதும் தொடர்கிறது. எப்போது முடியும் என்று உளவியலாளரிடம் கேட்டேன். "முடியற தேதி அவங்ககிட்டதான் இருக்குது சார்" என்றார். தேதி போடாத கோப்பு ஒன்றை நான் நிம்மதியாகப் பார்த்தது இதுவே முதல் தடவை.

மழைக்காலம் நெருங்கினால் அளத்தில் உப்புக் குவியல்களைக் கீற்று போட்டு மூடுவார்கள். அப்படி மூடிக்கொண்டிருந்த ஒரு மாலை, விடுமுறை என்பதால் குழந்தையும் உடன் இருந்தது. பெரியம்மாவுக்குக் கீற்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் நடைப்பயிற்சியில் அந்தப் பக்கம் போனவன் வரப்பில் நின்றேன். இருவரும் குவியலைப் பார்த்தபடிதான் நின்றார்கள். யாரும் எதுவும் கேட்காமலே, கீற்றைச் செருகிக்கொண்டே, அவள் குழந்தையிடம் தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அன்று காலை வண்டியில் ஏறுமுன் தங்கை என்ன சொன்னாள் என்று. குழந்தை அடுத்த கீற்றை நீட்டிக்கொண்டு கேட்டது. என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. அது எந்தக் கோப்பிலும் சேர வேண்டியதில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது தபால் வந்திருந்தது. முதன்முதலில் நான் என் பெயரில் அனுப்பிய, விதிகள் நிறைந்த அந்த மனுவுக்குப் பதில். சட்டப் பிரிவின் கருத்து பெறப்பட்டுவிட்டதாம். சம்பந்தப்பட்ட பெண்மணி அலுவலகத்தில் நேரில் ஆஜராகி, சம்பவத்தை முதலிலிருந்து விவரித்தால், கோரிக்கை பரிசீலிக்கப்படும் என்றிருந்தது. படித்துவிட்டு, பழைய வழக்கப்படி, மேல் மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: ஐப்பசி மாதம், தீபாவளிக்கு முந்தின வியாழக்கிழமை.